சர்வர் இல்லை என்று சொன்ன நாள்

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு வங்கி வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்தவர், "சர்வர் இல்ல சார், பொறவு வாங்க" என்றார். வேறு யாராக இருந்தாலும் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் அவருடைய மூக்குக் கண்ணாடியில் திரை தெரிகிறதா என்று எக்கி எக்கிப் பார்த்தேன். உண்மையிலேயே சர்வர் இல்லைதான் போலிருக்கிறது. பாவம், அவருக்கு வியர்த்திருந்தது.

வெளியே வந்தால் பக்கத்துக் கடையிலிருந்து லேமினேஷன் வாசனை. சூடான பிளாஸ்டிக்கின் அந்த வாசனை வந்தாலே எனக்கு ஒரு பழைய கடை ஞாபகம் வரும். படிப்பு முடித்து நல்ல வேலைக்குக் காத்திருந்த நாட்களில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரௌசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச வருடம்தான் ஆகிறது. அந்தக் காலம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அங்கேதான் அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டம் என்னைப் பிடித்தது. குட்டிப் பூதங்களைப் பிடித்து வளர்த்து மோதவிடும் ஜப்பான்காரர்களின் பழைய ஆட்டம் ஒன்று உண்டே, அதை வைத்து ரசிகர்கள் சிலர் ஆசைக்குச் செய்து இணையத்தில் இலவசமாக விட்டிருந்த இன்னொரு வடிவம். பழையதில் தோற்றால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி மோதலாம். இதில் அந்தக் கதையே கிடையாது. கையில் இருக்கும் ஆறு பூதமும் விழுந்தால் முதல் சுற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும், அதுவும் வேறு வழியில், வேறு எதிரிகளோடு. எதிரே வந்து நிற்கும் பஸ்களின் போர்டைப் பார்த்து என் பூதங்களுக்குப் பெயர் வைப்பேன். முதுகெல்லாம் முள் இருப்பவன் ராதாபுரம். மின்னல் அடிப்பவன் திசையன்விளை. கடைக்கார அண்ணாச்சி நான் திரையை முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "பய கண்ணெடுக்காம வேல பாக்கான்" என்று வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். நானும் அடக்கமாகச் சிரித்துவைப்பேன்.

ஒருநாள் மதியம், அதுவரை நான் தொடாத சுற்றில் இருந்தேன். நான்கு பூதங்கள் விழுந்துவிட்டன. அப்போது இசக்கியம்மாள் அக்கா வந்தார். சீவலப்பேரியில் வயல் வேலை செய்பவர். அரசு விடுதியில் சமையலர் வேலைக்கு விண்ணப்பிக்க, நடவை விட்டுவிட்டு டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். கால் நகத்தில் சேறு காய்ந்திருந்தது.

"தம்பி, இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதாம்லா. எனக்கு இதான் கடைசித் தடவ. அடுத்த வருஷம் வயசு தாண்டிரும்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். "சர்வர் இல்லக்கா. நாளைக்குக் காலைல வாங்க."

"நாளைக்கு எடுப்பாங்களா?"

"கடைசித் தேதிய எப்பவும் நீட்டுவாங்கக்கா. எத்தன பாத்துருக்கேன்."

நீட்டுவார்கள்தான், பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அதை நான் சொன்னது அவர் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும் என்பதற்காக. அக்கா நம்பினார். "அப்பம் இதெல்லாம் இங்கனயே இருக்கட்டும், வெள்ளனே வாறேன்" என்று சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் கவரை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அந்தச் சுற்றில் ஜெயித்தேன். மணி நாலரை. கவர் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே போட்டோ, கையெழுத்து, போன் நம்பர், எல்லாம் இருந்தன. ஒரு போன் போட்டு ஓடிபி கேட்டிருந்தால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நண்பரே. அந்த ஆட்டத்தை எப்போது மூடினாலும் விட்ட சுற்றிலேயே அப்படியே நிற்கும். ஒன்றும் போகாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடுத்த சுற்றைத் தொட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது ஐந்து தாண்டியிருந்தது.

மறுநாள் அக்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். காலம் முடிந்துவிட்டது என்று இணையதளம் சொன்னது. தேதியை நீட்டவில்லை. நான் கீபோர்டை வீணாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பார்த்துவிட்டு, "போட்டும் தம்பி. சர்வர் செஞ்ச வேலைக்கு நீங்க என்ன செய்வீய" என்றார். கவரை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. அடுத்து வந்தவரின் விண்ணப்பத்தை வாங்கி நிரப்பத் தொடங்கினேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பூதங்களை அன்றைக்கே அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆட்டத்தின் பக்கம் போகவில்லை. அக்காவின் வயதுவரம்பும் தாண்டிவிட்டது. எல்லாம் போனபின், வங்கியில் நின்ற அன்று சாயங்காலமே எனக்கு என்னமோ வேகம் வந்து, அக்காவிடம் உண்மையைச் சொல்லியே தீருவது என்று சீவலப்பேரிக்கு பஸ் ஏறினேன்.

வரப்பில் நாலைந்து பெண்களோடு சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்:

"ஏட்டி, நான் சொல்லுவம்லா, அந்தத் தம்பி இவிய தான். அன்னைக்கு எனக்காவ அந்த சர்வரோட மல்லுக்கட்டிக்கிட்டே இருந்தாவ. கண்ணக்கூட எடுக்கல, பாத்துக்கோ."

எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு பெண் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். அக்கா ஒரு தம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கேட்டார். ஊற்றச் சொல்லி தம்ளரை நீட்டினேன்.