கறுப்புக் கரை போட்ட சீட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் சபாபதியின் பொறுப்பு. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை என்று எதுவும் அவனுடைய கத்திக்குக் கீழே வந்துதான் அளவாகும். பேச்சு குறைந்தவன். தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து போவான். எதிரே உட்கார்ந்தவனின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், மறுநாள் அது அட்டையில் படமாக இருக்கும்.

வெட்டி மிஞ்சிய அட்டைகளில் அவன் ஒரு போரையே வரைந்து வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் அட்டையில் ராஜாக்கள், சூனியக்காரிகள், யாளிகள், கொள்ளிவாய்ப் பிசாசுகள். கருமாதிப் பத்திரிகைக்காக அச்சடித்த கறுப்புக் கரை அட்டையில் இரும்புச் சிப்பாய்கள், லேசர் துப்பாக்கிகள், வானத்திலிருந்து வேவு பார்க்கும் செயற்கைக்கோள்கள். இரும்புக்குக் கறுப்பு எடுப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஊரில் எவனும் கருமாதிப் பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டான். வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவான். கட்டுக்கட்டாக வெட்டித் தள்ளுகிறவனுக்கு அது வெறும் அட்டை.

இந்த அட்டைகளை வைத்துச் சீட்டு ஆடக் கூட்டாளி கார்த்திகேசு. கம்ப்யூட்டர் கடையில் வேலை. வெள்ளைக்காரப் பையன்கள் ஆடும் மந்திரவாதிச் சீட்டுக்கட்டு ஒன்றை முதலில் கொண்டுவந்து காட்டியவன் அவன்தான்.

"ராஜா கதையில ரோக்கெட் எப்படிலா வரும்?" என்று ஆரம்பத்தில் சண்டை போட்டான்.

"சாமி ரதத்துக்கு ஜெனரேட்டர் கட்டி சீரியல் பல்ப் போட்டு இழுக்கறோமே, அது மட்டும் வருதா?"

கார்த்திகேசு ஒத்துக்கொண்டான். ஆனால் ஒரு விதியை அவன் சேர்த்தான்: தோற்ற சீட்டைக் கிழித்துவிட வேண்டும். செத்தவன் மறுபடி எழுந்து வரக் கூடாது. அன்றிலிருந்து ஆட்டத்துக்கு ரத்த வாடை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான் காப்பிக்கடையில் நாற்காலிகளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஆட்கள் பார்ப்பார்கள். சூனியக்காரி தன் கூந்தலால் செயற்கைக்கோளை இழுத்துத் தரையில் அறைவாள். யாளியின் குடலை இயந்திரக் கை உருவும். கிழிபடும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கூச்சல்.

சபாபதியிடம் இருந்ததிலேயே பலமான சீட்டு இரும்புத் தளபதி. பாதி உடம்பு எஃகு. முகம் மட்டும் வேலாயுதத்துடையது. கிள்ளான் லோரி நிலையங்களில் பாதி வேலாயுதத்தின் பிடியில், மீதி அவன் எதிரி தம்புசாமியின் பிடியில். ஒருநாள் அப்படி ஒரு நிலையத்தில் வேலாயுதம் ஒருவனின் தலையைப் பிடித்து லோரியின் பம்பரில் திரும்பத் திரும்ப மோதியதைச் சபாபதி பார்த்தான். மோதும்போது அந்த முகத்தில் கோபமே இல்லை. அதுதான் மனசிலிருந்து இறங்கவில்லை. வரைந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேசு இரண்டு கொள்ளிவாய்ப் பிசாசுகளைச் சேர்த்து இறக்கி இரும்புத் தளபதியை உருக்கினான். "செத்தான்டா உன் ஆளு!" என்று கத்திச் சீட்டை நெடுக்காகக் கிழித்துப் போட்டான். வேலாயுதத்தின் அடியாள் மொட்டை பக்கத்து மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அந்த வாரமே தம்புசாமியின் ஆட்கள் வேலாயுதத்தைப் பாராங் கத்தியால் வெட்டினார்கள். தோளிலிருந்து முழங்கைவரை சதை பிளந்து எலும்பு தெரிந்தது. உயிர் பிழைத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் மேல் மொட்டை அந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்தான். "கருமாதிக் கார்டுண்ணே. கிழிச்சும் போட்டானுங்க."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் முதலாளி அச்சகத்தின் கதவைப் பாதி சாத்திவிட்டுப் போயிருந்தார். சபாபதி தனியாக வெட்டிக்கொண்டிருந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். கையில் கட்டுடன் வேலாயுதம், மொட்டை, வேன் ஓட்டுகிறவன். மொட்டை ஒன்றும் கேட்காமல் சபாபதியின் பிடரியைப் பிடித்து முகத்தை இயந்திரத்தின் விளிம்பில் அடித்தான். மூக்கு உடைந்தது. வெட்டி அடுக்கிய வெள்ளைத் தாள்கள்மேல் ரத்தம் சொட்டியது.

வேலாயுதம் முக்காலியில் உட்கார்ந்தான். கிழிந்த சீட்டின் இரண்டு துண்டுகளையும் எடுத்து அவன் முன்னால் போட்டான்.

"இது யாரு?"

"நீங்கதாண்ணே."

"நான் உயிரோடதானே இருக்கேன்? எனக்கு எதுக்குடா கருமாதிக் கார்டு?"

"கருமாதின்னு நினைக்கலண்ணே. இரும்புக்குக் கறுப்பு நல்லா இருக்கும்னு... உங்களைத்தாண்ணே எல்லாரையும்விட பலமா வரைஞ்சேன்."

"பலமானவனை எதுக்குக் கிழிச்சீங்க?"

"ஆட்டத்துல தோத்துட்டீங்கண்ணே."

வேன்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலாயுதம் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

காகிதம் நகராமலிருக்கக் கத்திக்கு முன்னால் ஓர் இரும்புப் பலகை இறங்கி அமுக்கும். மேலே இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் பலகை இறங்கும். சபாபதியின் வலது கையை அதற்கடியில் வைத்து மொட்டை சக்கரத்தைச் சுற்றினான். நகங்கள் நீலமாயின. இன்னொரு சுற்று. உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தத்தைச் சபாபதி காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டான். அலறினான். சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

வேலாயுதம் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். குனிந்து, சொந்தக்காரனிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினான்.

"நீ வரைஞ்சே, எனக்கு வெட்டு விழுந்துச்சு. உன் கையில என்னமோ இருக்குடா. இப்ப தம்புசாமியை வரை. இதே கறுப்பு அட்டையில. கிழிச்சிட்டா போதும், என் பசங்க பயப்படாம போயி முடிச்சிருவானுங்க. வரைஞ்சா கை உனக்கு. இல்லேன்னா கத்தியை இறக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"வரையறேண்ணே."

பலகையைத் தூக்கினார்கள். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் வீங்கித் தொங்கின. மற்ற விரல்களுக்கிடையே பென்சிலைச் செருகிக்கொண்டான். தம்புசாமியின் முகம் அவனுக்குத் தெரியும். பாசார் மீன்கடையில் மீன் பொறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறான். கனத்த தாடை, சாதாரண மூக்கு, இடது புருவத்தை இரண்டாக வெட்டிய பழைய தழும்பு. அந்தத் தழும்பு இல்லாவிட்டால் தம்புசாமி யாரோ ஒரு நடுவயசு ஆள்.

தாடையைப் போட்டான். கோடு நடுங்கியது. மூக்கு, வாய், கண். வலி கண்ணை இருட்டியது. புருவத்துக்கு வந்தான். தழும்புக்கு ஒரு கோடுதான் வேண்டும். இந்த விரல்களாலும் அதைப் போட முடியும் என்று அவனுக்குத் தெரிந்தது. போட்டால் நாளைக்கு இவர்கள் பாராங்கோடு கிளம்புவார்கள். தலைக்கு மேலே கத்தியைப் பார்த்தான். அதற்கு நேற்றுத்தான் சாணை பிடித்திருந்தான்.

புருவத்தை முழுசாகப் போட்டுவிட்டுப் பென்சிலை வைத்தான்.

வேலாயுதம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தான். "இது தம்புசாமி இல்லையே. யாருடா இது?"

"கை வரலண்ணே. யாரா வேணும்னாலும் இருக்கலாம்."

"எவனா இருந்தா என்ன. டேய் மொட்டை, கிழி."

மொட்டை அட்டையைப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாம்ணே. தாடை என்னுது மாதிரி இருக்கு."

வேன்காரன் எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். வேலாயுதமே நல்ல கையால் ஓரத்தைப் பிடித்துப் பல்லில் கவ்வினான். கறுப்புக் கரை உதட்டில் பட்டது. அது தன் முகமாகவும் இருக்கலாம் என்று பட்டது, பல்லை எடுத்தான். கிழிக்கவில்லை. அதை வேனில் கொண்டுபோகவும் யாரும் முன்வரவில்லை. கீழே போட்டான். சபாபதியின் வாயில் ஒரு குத்து. விழுந்தவன் விலாவில் மூச்சு முட்டும்வரை உதை. அந்தச் சீட்டின் பக்கம் அதற்குமேல் நிற்க மனசில்லாமல் மூன்று பேரும் போய்விட்டார்கள்.

அந்த வாரம் தம்புசாமியைத் தேடி யாரும் போகவில்லை.

டாக்டர் எலும்பைச் சேர்த்தார். இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. அதற்குப்பின் சபாபதி வரைந்த முகம் எதுவும் யாருடையதாகவும் இல்லை. கட்டுப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கடைக்கு வந்து உட்கார்ந்தான். மிச்சமிருந்த சீட்டுகளைக் கார்த்திகேசு கலைத்துப் போட்டான். அவன் கையைப் பார்க்க முடியாமல் கேட்டான்:

"டேய், கத்தியை இறக்கியிருந்தா என்னலா பண்ணியிருப்பே?"

"இடது கையால ஆடியிருப்பேன்," என்றான் சபாபதி. "உன் ஆட்டம். யாளியை இறக்கு."