அறுநூற்று அறுபத்தாறை வாங்கிக்கொண்டவர்

ஆசீர்வாதம் அண்ணை காலமாகிவிட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கிண்ணியாவிலிருந்து தோணியில் தயிர் கொண்டுவரும் காதர் நானா. ஆஸ்பத்திரிக்குத் தயிர் கொடுத்துவிட்டு நேரே துறைமுக வாசலுக்கு வந்தார். வேலையாட்களின் வரவைப் பதிகிற மேசையில் நான் இருந்தேன். வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றினார்.

"கிளாக்கர், உங்கட கூட்டாளி விடியச் சாமம் மவுத்தாப் போனார். நீங்கள் ஆள் விட்டுக் கேக்க முந்தி நானே சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

வரிசையில் நின்ற தச்சர்கள் சிலர் அதைக் கேட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்கள். மூன்று வாரமாக விடாத காய்ச்சல். கொயினா மருந்துக்கும் அது மசியவில்லை. எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் அன்று காலை அடுத்த ஆளின் பெயரை எழுதாமல் பேனையை வைத்துவிட்டேன்.

அவர் சேர்ந்திருந்த சபையார் என்னை இதை எழுதச் சொன்னபோது தயங்கினேன். நான் சைவன், கோணேசரைக் கும்பிடுகிறவன். அவருடைய வேதத்தை அவர் வாயால் கேட்டது தவிர எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு காரியத்தை நேரில் கண்டவர்களில் நான்தான் இப்போது மிச்சம். அதைப் பற்றி ஊரில் உலாவும் கதை பிழையானது. அதனால் எழுதுகிறேன்.

துறைமுகத்தின் தச்சுப் பகுதியில் அவர் வேலை செய்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு என் மேசைக்குப் பக்கத்தில் வந்திருப்பார். ஒருநாள் நான் பழைய வழக்கத்தில் தமிழ் எண்களில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "எங்கட வேதத்திலும் இப்படித்தான்" என்றார். நாங்கள் ஒன்றுக்குக் ககரமும் ஏழுக்கு எகரமும் எழுதுவது போல, எபிரெயருக்கும் எழுத்தே எண்ணாம். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தொகை உண்டு. ஏழு என்ற சொல்லும் ஆணையிடுதல் என்ற சொல்லும் அவர்கள் பாஷையில் ஒரே வேரிலிருந்து வருபவையாம். "ஏழு எண்டு அவன் சொல்லேக்க, நிறைஞ்சுது, வாக்குக் குடுத்தாச்சு எண்டும் அவன்ர காதில விழும்" என்றார். இதை ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் இளமையில் கேட்டு வைத்திருந்தார்.

புதன்கிழமைகளில் பின்னேரம் சபைக் கோயில் மண்டபத்தில் வேத வகுப்பு நடத்துவார். கேட்கத்தான் போனேன் ஒருநாள். வலையில் அகப்பட்ட நூற்று ஐம்பத்து மூன்று மீன்களின் கதை. சாம்பல்தீவு மீன்பிடிகாரர்கள் பலர் வந்திருந்தார்கள். பெரிய பெரிய பண்டிதர்கள் அந்த எண்ணுக்குச் சொன்ன விளக்கங்களை எல்லாம் வரிசையாகச் சொன்னார். ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் அந்தத் தொகை வருமாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "எனக்கெண்டால், அவங்கள் எண்ணிப் பாத்திருக்கிறாங்கள். அவ்வளவு மீன் பட்டால் எந்த வலைச் சம்மாட்டி எண்ணாமல் விடுவான்?" என்றார். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்து எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவன் பிலிப்பு. அந்தச் சிரிப்பில்தான் அவனை முதலில் கவனித்தேன்.

பிலிப்பு சாம்பல்தீவில் மீன் பிடித்தவன். யுத்தம் வந்து கடலில் போகக் கட்டுப்பாடு விழுந்ததும் வலையைக் கட்டிவைத்துவிட்டுத் துறைமுகத்தில் தச்சருக்கு உதவியாளாகச் சேர்ந்தான். சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த நாட்கள் அவை. யாரோ ஒரு ஊர்சுற்றிப் பிரசங்கி வந்து, கடைசிக் காலம் வந்துவிட்டது, அரிசிக் கூப்பனும் எண்ணும் இல்லாமல் ஒருவரும் வாங்கவோ விற்கவோ முடியாத காலம் இதுதான், மிருகத்தின் எண்ணைச் சுமப்பவன் நெருப்பில் விழுவான் என்று கடற்கரைகளில் பேசிவிட்டுப் போயிருந்தான். அதைக் கேட்டுப் பல வீடுகளில் பெண்கள் உறங்கவில்லை. பிலிப்பின் மனைவி மார்த்தா அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

துறைமுகத்தில் ஒவ்வொரு வேலையாளுக்கும் எண் அடித்த பித்தளை வில்லை ஒன்று கொடுப்போம். வாசலில் அதைக் காட்டித்தான் உள்ளே போகலாம். எண்ணைப் பொறுத்தே வேலையிடமும். பிலிப்புக்கு வந்த வில்லை அறுநூற்று அறுபத்தாறு. அந்தப் பிரசங்கி சொன்ன மிருகத்துக்கு வேதத்தில் கொடுத்திருக்கும் அதே எண்.

அவன் அதைத் தொடவில்லை. மேசையில் கிடந்த வில்லையையே பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் பின்னால் நெருக்கினார்கள். நான் ஆசீர்வாதம் அண்ணையைக் கூப்பிட்டேன். அவனை ஒரு பக்கம் அழைத்துப்போய் இருத்தி, அவர் பொறுமையாகச் சொன்னார்.

"இஞ்ச பார் பிலிப்பு. ஏழு நிறைவு. ஆறு அதுக்கு ஒண்டு குறை. மூண்டு தரம் எழுதினாலும் குறைதான். எவ்வளவு எழும்பினாலும் கடவுளை எட்டாத அதிகாரம் எண்டு அர்த்தம். அந்தக் காலத்தில ஒரு கொடிய இராயன்ர பேரை நேர எழுதினால் தலை போகும். அதால எண்ணா எழுதினவை. இந்த வில்லையை அடிச்சவன் அறுநூத்தி அறுபத்தஞ்சுக்குப் பிறகு இதை அடிச்சான். வேற ஒண்டும் இல்லை."

"எனக்கு விளங்குது அண்ணை" என்றான் பிலிப்பு. "ஆனா கழுத்தில போட ஏலாது. மார்த்தா கண்டால் செத்துப்போவாள். நான் வீட்டை போறன்."

வீட்டில் அரிசி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆசீர்வாதம் அண்ணை தன் கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றி அவன் கையில் வைத்தார். மேசையில் கிடந்ததை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். வேலையை மேற்பார்க்கும் போர்மனிடம் கேட்டோம். "எனக்கு எண்ணுக்கு ஒரு ஆள் வந்தால் சரி" என்றார் அவர். நான் பதிவில் மாற்றி எழுதினேன்.

பின்னேரம் அவரிடம், "இவ்வளவு விளக்கம் சொல்லியும் அவன் கேக்கேல்லையே" என்றேன்.

"விளக்கம் மூளைக்கு. பயம் வேற இடத்தில இருக்குது, கிளாக்கர். அதை ஆராவது வாங்கிக்கொள்ள வேணும்."

பிலிப்பு மறுநாளிலிருந்து மேட்டில் எண்ணெய்த்தாங்கிகளுக்குப் பக்கத்தில் வேலைக்குப் போனான். அது அண்ணையின் இடம். அண்ணை கரையில் படகுக் கொட்டிலுக்கு வந்தார். அது பிலிப்பின் இடம்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு முடிந்த அந்த வாரம், வியாழக்கிழமை காலை, வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் யப்பான் விமானங்கள் வந்தன. நீங்கள் எல்லாரும் அந்தக் காலையைக் கண்டவர்கள். நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. நானும் அண்ணையும் பதுங்குகுழியில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தோம். வெளியே வந்தபோது மேட்டில் ஒரு தாங்கி எரிந்துகொண்டிருந்தது. புகை ஆகாயத்தை மூடியது. அண்ணை அந்தப் பக்கமாக ஓடினார். வெக்கையில் ஒருவரும் கிட்டப் போக முடியவில்லை. இராணுவத்தார் அவரைப் பிடித்து இழுத்துவந்தார்கள். மேட்டில் நின்ற பிலிப்பும் இன்னும் சிலரும் திரும்பி வரவேயில்லை. அடக்கம் செய்வதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்த்தாவுக்குச் சொல்ல நாங்கள் இருவரும் சாம்பல்தீவுக்கு நடந்தோம். ஊரெல்லாம் எதிர்ப்பக்கமாகவும் எங்களோடும் மூட்டை முடிச்சுகளுடன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நின்றாள். எங்களைக் கண்டதுமே விளங்கிக்கொண்டாள். அண்ணை பேசத் தொடங்கினார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"உங்களுக்குத்தானே எல்லா எண்ணுக்கும் அர்த்தம் தெரியும். உங்கட கழுத்தில கிடந்ததைத் தந்து அனுப்பினீங்கள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்த பிறகு சபையில் ஒரு நன்றி ஆராதனை நடந்தது. அண்ணை கேட்டுக்கொண்டதால் நானும் போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். தாங்கி ஏழு நாள் எரிந்தது என்பதை வைத்து ஒருவர் பேசினார். பிறகு இன்னொருவர் எழுந்து, மிருகத்தின் எண்ணைக்கூடத் தம் ஊழியனுக்குக் கேடயமாக்கிய ஆண்டவரைத் துதிப்போம் என்று சாட்சி சொன்னார். ஊரில் உலாவும் கதை இதுதான். பலர் ஆமென் என்றார்கள். அண்ணை எழுந்து நின்றார்.

"நிப்பாட்டுங்கோ. எண்ணெய் முடிஞ்சுது, நெருப்பு நிண்டுது. அந்த வில்லை என்னைக் காப்பாத்தேல்லை. பிலிப்பு என்ர இடத்தில நிண்டான். இதைத் துதியாக்க வேண்டாம்."

அன்றோடு புதன்கிழமை வகுப்பை விட்டுவிட்டார். அவருக்கு விசுவாசம் குறைந்துபோய்விட்டது என்று உங்களில் சிலர் பேசியது எனக்குத் தெரியும். நான் கண்டதைச் சொல்கிறேன். அவர் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் சாம்பல்தீவுக்கு நடந்தார். மார்த்தாவின் வீட்டுக் கூரைக்குக் கிடுகு போட்டார். கிணற்றுக்குப் புதுத் துலா செய்தார். பிறந்த பெண்பிள்ளைக்குத் தொட்டில் செய்து வேலியோரம் வைத்துவிட்டு வந்தார். தொட்டிலை அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் வெளியே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருமுறை நானும் கூடப் போனேன். வெயிலில் திரும்பி வரும்போது, "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லித்தானே உங்கட வேதத்தில இருக்குது. உங்கட சபை ஐயரைக் கொண்டு அவவுக்கு ஒருக்கால் சொல்லுவிக்கலாமே" என்று கேட்டேன்.

அவர் நின்றார். "அந்த எண்ணுக்கு, எண்ணாதே எண்டுதான் அர்த்தம். அது மன்னிக்கிறவனுக்குச் சொன்னது. மன்னிப்பு வேண்டி நிக்கிறவன் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒருத்திக்குக் காட்ட ஏலாது."

"அப்ப எவ்வளவு காலம் இப்படி நடக்கப்போறீங்கள்?"

"நாப்பது" என்றார். நாளா, வருடமா என்று நான் கேட்கவில்லை. அவருடைய வேதத்தில் மழை பெய்ததும் வனாந்தரத்தில் அலைந்ததும் உபவாசம் இருந்ததும் நாற்பது என்று முன்பே சொல்லியிருக்கிறார். முடியும்வரை பொறுத்துக்கொள் என்பதே அதற்கு அவர் கண்ட அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவரோடு கதைத்தபோது காய்ச்சல் சற்று இறங்கியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் பத்திரிகையில் ஏதோ ஒரு போர்முனையில் இத்தனை ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"தொண்ணூத்தொன்பது ஆட்டை விட்டுட்டு ஒண்டைத் தேடிப்போனான் எண்ட கதையில, தொண்ணூத்தொன்பதுக்கு ஒரு அர்த்தம் தேடி நான் எத்தினை புதன்கிழமை கதைச்சிருப்பன். ஒண்டைப் பற்றிக் கதைக்கேல்லை, கிளாக்கர்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் உளி பட்ட தழும்புகள் மட்டும் பழையபடி இருந்தன, மற்றதெல்லாம் எலும்பு.

காதர் நானா செய்தி கொண்டுவந்த அன்று பின்னேரமே அடக்கம் நடந்தது. மழை தூறியது. தச்சர்கள் தாங்களே பெட்டி செய்து சுமந்து வந்தார்கள். எல்லாரும் மண் போட்டுக் கலைந்த பிறகு மதில் ஓரமாக ஒரு பெண், கையில் பிள்ளையோடு நிற்பதைக் கண்டேன். மார்த்தா. காலெல்லாம் சேறு. ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கத்தான் வெளிக்கிட்டாளாம். அங்கே போய்த்தான் தெரிந்ததாம்.

அவளே மேலும் சொன்னாள்.

"அவருக்கு ஒண்டு சொல்ல வந்தனான். என்ர மனுசன் அந்தப் பிரசங்கி வந்து போனதிலயிருந்து ராவில உறங்கிறேல்லை. எழும்பி எழும்பிக் குந்தியிருக்கும். வில்லையை மாத்திக்கொண்டு வந்த அண்டைக்கு நல்லா உறங்கிச்சு. பிறகு சாகும்வரைக்கும் ஒவ்வொரு ராவும் உறங்கிச்சு. காலமை சிரிச்சுக்கொண்டுதான் வேலைக்குப் போச்சு. அதை அவருக்குச் சொல்ல வேணும் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். வாய் வரேல்லை."

பிள்ளை அழத் தொடங்கியது. அவள் அதைத் தோளில் சாய்த்துத் தட்டியபடி புதைகுழி வரை போய், குனிந்து ஒரு பிடி ஈர மண்ணைப் போட்டாள். பிறகு என்னிடம், "நீங்கள் அவரோட கதைக்கிறனீங்கள்தானே" என்றாள். இனிக் கதைக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் அப்படித்தான் சொன்னாள். "ஓம்" என்றேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று கேட்டால், அவர் சொன்ன வார்த்தைகள் பல உண்டு. எண்களுக்கு அவர் சொன்ன பொருள்களும் உண்டு. ஆனால் அவற்றைவிடப் பெரிதாக என்னிடம் இருப்பது, அவர் இரண்டு வருடமாக நடந்து நடந்து தேடி, ஒருநாள் பிந்தியதால் அவர் காதில் விழாமல் போன மார்த்தாவின் அந்தச் சொல். அது அவருடையது. அவரை அறிந்த உங்களிடம் இப்போது அதைச் சேர்த்துவிட்டேன்.