முதல் வரி யாருக்கு

புதிய கணினி மொழிக்கு லெக்ஸரும் பார்சரும் எழுதுவது, முகம் தெரியாதவர்கள் செய்யப்போகும் தவறுகளை அவர்களுக்கு முன்பே செய்து பார்க்கும் வேலை. எழுத்துகளைச் சொல் சொல்லாக வெட்டுவது லெக்ஸர்; வெட்டிய சொற்கள் சரியான வரிசையில் நிற்கின்றனவா என்று பார்ப்பது பார்சர். உங்கள் முகவரியை ஏற்க மறுத்து ஏதாவது ஒரு இணையதளம் சிவந்திருந்தால், உங்களுக்கும் இந்தத் துன்பம் புதிதல்ல. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள்.

எதற்கு இன்னொன்று

எங்கள் அலுவலகம் அபிராமபுரத்தில், ஒரு பல் மருத்துவருக்கு மேல் மாடியில். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பிரிவு மேலாளர்கள் தள்ளுபடி விதிகளைத் தாங்களே தமிழில் எழுதி பில் போடும் கணினியில் ஓட்டுவதற்காக, நானும் வைத்தியும் ஒரு சிறு மொழி செய்துகொண்டிருந்தோம். ஆடித் தள்ளுபடியின் முதல் நாள் அது எங்கள் உதவி இல்லாமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் கடை பழைய முறைக்குப் போய்விடும், மொழியை மூடிவிடலாம் என்று கடை முதலாளி சொல்லியிருந்தார்.

கடைக்குப் போகும் வழியில் ஆட்டோக்காரர் என்ன வேலை என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குப் புது மொழி செய்கிறோம் என்றேன். பனகல் பார்க் வரை யோசித்தார். "கீறதையே எவனும் ஒயுங்கா பேசல. இன்னொண்ணு எதுக்கு மேடம்?"

ஒவ்வொன்றாக, மொத்தமாக

முதல் விதியை எழுதியவர் புடவைப் பிரிவு மேலாளர் செல்லத்துரை அண்ணாச்சி. எங்கள் பார்சர் முதல் பிழையைக் கண்டதும் நின்றுவிடும். அதைத் திருத்தினால் அடுத்ததைச் சொல்லும். அண்ணாச்சி போன் செய்தார். "ஏம்மா, சரக்குல குறை இருந்தா நாங்க ஒரே தடவையில சொல்லிருதோம்ல. நீங்க ஏன் ஒவ்வொண்ணா சொல்லுதிய?"

நியாயம்தான். பிழையைத் தாண்டி மீதியையும் படிக்கும்படி பார்சரை மாற்றினேன். தொழிலில் இருப்பவர்களுக்கு முடிவு தெரியும். விட்டுப்போன ஒரு புள்ளிக்காக, அதற்குக் கீழே இருந்த சரியான வரிகள் அத்தனையையும் தவறு என்று அறிவித்தது. அண்ணாச்சி மறுபடி போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. "பழைய எரரே இருக்கட்டும்மா. அது ஒருத்தனைத்தான் குறை சொல்லிச்சு. இது குடும்பத்தையே சொல்லுது."

பலகையின் உச்சியில்

அடுத்து, அண்ணாச்சியின் கோப்பு முதல் வரியிலேயே நின்றது. விதிகளில் குறை இல்லை. முதல் வரியின் நடுவில் தனியாக ஒரு "உ". பிள்ளையார் சுழி. என் லெக்ஸருக்கு அது அறிமுகம் ஆகவில்லை.

எடுத்துவிடச் சொல்லலாமா என்று வைத்தியிடம் கேட்டேன். வைத்தி மயிலாப்பூர்க்காரன். வெள்ளைப் பலகையைக் காட்டினான். எங்கள் மொழியின் விதிகளை அவன் முதன்முதலாக எழுதிய பலகை. உச்சியில் "உ" இருந்தது. "நாம போட்டுண்டு ஆரம்பிக்கலாம், அவர் போட்டா எரரா?"

"உ"வை அனுமதித்தேன். அதன் பிறகு வேட்டிப் பிரிவு ரஹ்மத் பாய் 786 என்று ஆரம்பித்தார். போர்வைப் பிரிவிலிருந்து ஒரு சிலுவை வந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்க முடியாது என்று, முதல் வரியில் என்ன இருந்தாலும் படிக்காமல் தாண்டும்படி லெக்ஸரை மாற்றினேன். வைத்தி பார்த்துவிட்டுச் சொன்னான்: "இப்பதான் இது மதச்சார்பற்ற லெக்ஸர்."

ஆடி முதல் நாள்

எதையும் தொடக் கூடாது, யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு நாங்கள் இருவரும் கடையில் ஓரமாக நின்றோம். புடவை ஓடியது. வேட்டி ஓடியது. சட்டைப் பிரிவில் மட்டும் முழு விலை விழுந்தது. எரர் எதுவும் வரவில்லை. வரிசை மாடிப்படி வரை போயிருந்தது.

சட்டைப் பிரிவு மாரி சைதாப்பேட்டைக்காரர், சாமி கும்பிடாதவர். அவருடைய கோப்பில் மொத்தமே ஒரு வரிதான். தள்ளுபடியை எடுத்த எடுப்பில் முதல் வரியிலேயே எழுதியிருந்தார். என் லெக்ஸர் அதைச் சாமி என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தது. நான் வாயைத் திறந்தால் மாரி பிழைப்பார், மொழி போய்விடும். வைத்தி என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் அண்ணாச்சி வந்து திரையை எட்டிப் பார்த்தார். "மேல ஒண்ணும் போடாம ஆரம்பிச்சிருக்க, பொறவு எப்படிடே ஓடும்? எதையாவது போட்டுட்டு ஆரம்பி." மாரி அண்ணாச்சியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். கர்சரை விதியின் முன்னால் வைத்து என்டர் விசையை ஒரு முறை தட்டினார். அடுத்த பில் தள்ளுபடியோடு வந்தது. "காலி வரி வுட்டுக்கீறேன் அண்ணாச்சி. அதுல யாரும் இல்ல, நல்லா பாத்துக்க."

மொழி பிழைத்துக்கொண்டது, அதில் இன்றுவரை கடையில் ஒருவரும் மீறாத ஒரே விதி, நான் தப்பாக எழுதிய அந்த முதல் வரி விதிதான்.