என்னிடம் இருக்கும் அக்காவின் கிட்னி

ஜெயாக்கா... போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை – வேர்க்கடலைதான் – வாங்கினேன். பழக்க தோஷத்தில் ரெண்டு பொட்டலம்!

அக்காவை உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அடிக்கடி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவாளே, அவள்தான். ரெண்டு மாசம் முன்னால் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. எழுத இப்போதுதான் கை வந்தது.

ஒலக்கூரிலிருந்து விழுப்புரத்துக்கு டயாலிசிஸ் போவாள். துணைக்கு நான். என் கிட்னி அவளுக்குப் பொருந்தியது. ஆனால் அவள் எடை குறைந்தால்தான் ஆபரேஷன் என்றுவிட்டார் டாக்டர். பசியை அடக்கி எடை குறைக்கும் ஊசியை டயாலிசிஸ்காரர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்களாம் – நிறைய டெஸ்ட் பார்த்து, வாரம் ஒரு ஊசி எழுதினார்.

முதல் ஊசிக்கு மறுநாளே டயாலிசிஸ். முடிந்ததும் எடை மெஷினில் ஏறினாள்.

“டேய், மூணு கிலோ எறங்கிடுச்சிடா! ஊசின்னா இது ஊசி!”

வார்டே சிரித்தது. “அது மெஷின் எடுத்த தண்ணிக்கா. நாளான்னிக்கு திரும்ப ஏறிடும்” என்றார் நர்ஸ்.

“கொஞ்ச நேரம் சந்தோஷமா இருந்தா பொறுக்காதே சிஸ்டர் ஒனக்கு!”

ஆனால் போகப் போக நிஜமாகவே பசி அடங்கியது. டாக்டருக்குத் தெரியாமல் மல்லாட்டை தின்கிறவள், நான் நீட்டியதைத் தள்ளிவிட்டாள். அம்மா பயந்துபோனார். எங்கள் வீட்டில் சோறு வேண்டாம் என்றால், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி தாங்காமல் மூன்று பேரும் இருமினோம்.

“நெடி வருது பாரு, கண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல. ஊசிம்மா அது!” என்று கத்தினாள் அக்கா.

சரி, அவள் மிச்சம் வைத்த சோற்றை யார் சாப்பிட்டது? நான்தான். அவள் இறங்க இறங்க நான் ஏறினேன்.

“இன்னாடா தொப்ப? அது என் கிட்னி, ஒங்கிட்ட குடுத்து வெச்சிருக்கேன். கொழுப்புல போட்டு பொதைச்ச... ஒத வாங்குவ!”

டாக்டர் சொன்ன எடைக்கு வந்தேவிட்டாள். “சிஸ்டர், இது தண்ணி இல்ல... நெஜம்!” என்று வார்டையே கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்த வாரமே போய்விட்டாள்.

ஊசியாலா என்று கேட்கிறார்கள். இல்லையாம். இதயம் ரொம்ப நாளாகவே பலவீனம் என்றார் டாக்டர். நம்புகிறேன். வேறென்ன செய்ய?

அந்த ரெண்டாவது பொட்டலத்தைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். நான் தின்றால் அவள் திட்டுவாளே!

எந்த சாமியாக இருந்தாலும் சரி – ஜெயாக்காவுக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் கிட்னியை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.