வயிற்றில் வரைந்த மண்ணீரல்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் ஒரு சாயங்காலம், வயிற்றில் கரிப்படத்தோடு சிரம்பானிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பினேன். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். என்னைப் போல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர்கள் உடல் உறுப்புகளுக்கு ஜப்பானியப் பெயர் படிக்க வேண்டும் என்று உத்தரவு. பாடம் நடத்திய சிப்பாய் தொட்டுக் காட்டவில்லை, அடித்துக் காட்டினான். காலில் ஓர் உதை, ‘ஆஷி’. நெஞ்சில் ஒரு குத்து, ‘முனே’. உள்ளே இருப்பவற்றுக்கு என் சட்டையைக் கழற்றச் சொல்லி, தோலின் மேலேயே கரித்துண்டால் வரைந்தான். இடது விலாவுக்கு அடியில் மண்ணீரல், ‘ஹிஸோ’. சோப்பு ஏது அப்போது? என் மனைவி பாக்கியம் சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். “படிக்கிற வயசுல படிக்காம, இப்ப வயித்துல எழுதிக்கிட்டு வர்றீங்களா?” என்றாள். சிரிக்கப் பார்த்தோம், வரவில்லை.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் உடம்பை இப்படிப் பிரித்துச் சொல்வதில்லை. “ஒடம்பு என்னமோ பண்ணுது” என்றால் வீடே புரிந்துகொள்ளும். இங்கே ஆள் யாரென்று கேட்பாரில்லை. கால் நடக்குமா, நெஞ்சு தாங்குமா, அவ்வளவுதான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்பது கூலி லயத்தில் எல்லோருக்கும் தெரியும். மலேரியாவில் மண்ணீரல் வீங்கியவனை மட்டும் வேண்டாமென்று விட்டுவிடுவார்கள் என்று கேள்வி. அதனால் அந்த ஒரு சொல்லை விழுந்து விழுந்து படித்தேன். பால் வெட்டும் மருதைக்கு மண்ணீரல் தொப்புள்வரை இறங்கியிருந்தது. அவனைப் போக விடமாட்டேன் என்று அவன் மனைவி அஞ்சலைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ராணுவ டாக்டர் லாரியோடு வந்தார். ஆண்களை வரிசையிலும், நோயைச் சொல்ல என்னை டாக்டர் பக்கத்திலும் நிறுத்தினார்கள். முதலில் நின்றவன் பாக்கியத்தின் தம்பி காளியப்பன். கல் மாதிரி உடம்பு. என்னையே பார்த்தான். அவன் வயிற்றில் கை வைத்து “ஹிஸோ” என்றேன். சுத்தப் பொய். டாக்டர் நம்பி, அவனை ஒதுங்கச் சொன்னார். நாலு பேர் தள்ளி மருதை. “ஹிஸோ” என்றேன். டாக்டர் ஏதோ கேட்டார், புரியவில்லை. உறுப்புகளின் பெயர் தெரியுமே தவிர, இவன் போனால் செத்துவிடுவான் என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் தெரியாது. திரும்பத் திரும்ப “ஹிஸோ, ஹிஸோ” என்று கத்தினேன். அவர் ஒற்றை விரலை உயர்த்தி, காளியப்பனைக் காட்டினார். ஒரு தோட்டத்துக்கு ஒருவனைத்தான் விடுவார்கள். காளியப்பனை வரிசைக்குத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டேன். மருதை லாரியில் ஏறினான்.

அவன் திரும்பவில்லை. சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் காளியப்பன் ஊருக்குப் போனான். பிறந்த பிள்ளைக்கு என் பெயரை வைத்திருப்பதாகவும், நாங்களும் கிளம்பி வர வேண்டுமென்றும் எழுதினான். பாக்கியம் பெட்டி கட்டினாள். அன்றைக்குப் பார்த்து அஞ்சலை மரவள்ளிக்கிழங்கோடு வந்து நின்றாள்.

“எங்க வூட்டுக்காரருக்காக ஜப்பான்காரன்கிட்ட மல்லுக்கு நின்னீங்களாமே, டிரஸரய்யா. பாத்தவங்கல்லாம் சொல்றாங்க. நீங்களும் போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா?”

உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. பாக்கியத்தை மட்டும் கப்பலேற்றிவிட்டு இங்கேயே தங்கிவிட்டேன். அங்கே என் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். இங்கே அஞ்சலை தன் மகளிடம் என்னைக் காட்டி, “அப்பாவக் காப்பாத்தப் பாத்த ஐயா, கும்பிட்டுக்க” என்கிறாள். அந்தக் குழந்தையும் கும்பிடுகிறது.