அவளுக்கு மட்டும் 'ஐ ஆம் ஹியர்'

போன வருஷம் ஐப்பசி மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் எங்கள் வீடு. அம்மா வரக்காப்பொல சந்தைக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தார். சார்ஜில் போட்ட போனை எடுத்துப் போக மறந்துவிட்டார். நான் துணி ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது அது அடித்தது. திரையில் வந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்தான்!

அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மா சைப்ரஸுக்கு வீட்டு வேலைக்குப் போனார். அங்கே மேடத்துக்குப் பிறந்த பெண் குழந்தையைத் தூக்கி வளர்த்தது அம்மாதான். என்னை வளர்த்தது சித்தி. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் அழுதுகொண்டு பேசக் கூடாது என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ள சட்டம். "நீ அழுதீன்னா அங்க அவளுக்கு வேல ஓடாது. சிரிச்சிக்கிட்டே பேசு" என்று சொல்லிவிட்டுத்தான் சித்தி போனையே கையில் கொடுப்பார். நானும் சிரிப்பேன். சாப்பிட்டேன், படிக்கிறேன், நல்லா இருக்கேன். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

ஒருநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் குழந்தை எங்கோ விழுந்து வீரிட்டது. அம்மா போனை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடினார். எனக்குத் தெரிந்தது அந்த வீட்டு மின்விசிறி மட்டும்தான். ஆனால் குரல் கேட்டது. "இட்ஸ் ஓகே, பேபி. டோன்ட் வொரி. ஐ ஆம் ஹியர், ஐ ஆம் ஹியர்." அம்மாவிடம் இப்படியொரு குரல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். புரியாத அளவுக்குக் கஷ்டமான இங்கிலீஷும் இல்லை. என்னைப் பெற்றவர் எவளுக்கோ 'நான் இருக்கேன்' என்கிறார்! வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து அவளை எனக்குக் கண்ணிலேயே காட்டக் கூடாது. அவளுடைய பொம்மைகளை அம்மா பார்சலில் அனுப்பினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவேன். அம்மா ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகும் அவள் விட்டபாடில்லை. வாராவாரம் கூப்பிடுவாள். வீட்டுக்குள் சிக்னல் அறுந்து அறுந்து போகும் என்பதால் அம்மா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று கொஞ்சிக்கொண்டிருப்பார். நான் உள்ளே சட்டிகளைப் போட்டு இடிப்பேன்.

அந்த ஞாயிறும் போனை அடிக்க விட்டேன். நின்றது. மறுபடியும் அடித்தது. 'மம்மி இல்லை' என்று சொல்லி வெட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். திரையில் அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். பள்ளிக்கூட ஓ.எல். பரீட்சையில் இங்கிலீஷுக்கு வெறும் 'எஸ்' எடுத்துத் தட்டுத்தடுமாறிப் பாஸான எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அவளுடைய அம்மா ஆபரேஷன் தியேட்டரில். அவள் வெளியே தனியாக இருக்கிறாள். என் அம்மாவிடம் பேச வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை. 'இப்ப ஒனக்கும் அம்மா பக்கத்துல இல்லையா? எப்படி இருக்கு?' என்றுதான் மனசு கேட்டது. விரல் சிவப்புப் பட்டனுக்குக்கூடப் போய்விட்டது. அப்போது அவள் அழுகைச் சத்தம் வெளியே வராமலிருக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்த அழுகை. வெட்ட முடியவில்லை.

மழைத் தூறலில் தொட்டிப் பக்கம் ஓடினேன். "இட்ஸ் ஓகே. ஐ ஆம் ஹியர்" என்றேன். எனக்குத் தடுமாறாமல் வரும் இங்கிலீஷ் அது ஒன்றுதான். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அதுவும் தீர்ந்துபோனபோது சரி, சரி என்பதை "ஹரி, ஹரி" என்று சிங்களத்திலும் சொல்லித் தேற்றினேன். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நர்ஸ் வந்து, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று சொல்லும்வரை போனை வைக்கவில்லை.

பிறகு அவள் எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே என்மேல் அவளுக்குப் பொறாமையாம்! அவள் அழும்போதெல்லாம் என் அம்மா, "ஊரில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவள் தைரியசாலி, அழவே மாட்டாள்" என்று சொல்லிச் சொல்லித்தான் தேற்றுவாராம். யாரந்தப் பெரிய தைரியசாலி என்று எரிச்சலாக வருமாம்.

அம்மா பைகளோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் போனைப் பிடுங்கி, "இட்ஸ் ஓகே, பேபி" என்று தொடங்கிவிட்டார். எனக்குப் பழையபடி எரிந்தது. அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"நான் அழவே மாட்டேன்னு அவகிட்ட சொன்னீங்களாம்மா?"

"ஆமா. நீ என்னைக்கு அழுதிருக்க? அந்தத் தெம்புலதானே நான் அங்க கெடந்தேன்."

"ஒவ்வொரு தடவயும் போன வச்சதும் அழுவேம்மா. சித்திதான் ஒங்களுக்குக் காட்டக் கூடாதுன்னாங்க."

அம்மா, "எனக்கு யாருமே சொல்லலியே புள்ள" என்று ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருஷத்து அழுகையையும் அன்று அவர் மடியில் அழுது தீர்த்தேன். லயமே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அவள்மேல் இருந்த பொறாமை முழுக்கப் போய்விட்டது என்றால் அது பொய். ஆனால் ஒன்று புரிந்தது. அவள் அழுதாள், அம்மா ஓடிப் போனார். நான் சிரித்தேன், அம்மா நம்பிவிட்டார். இன்றைக்கும் போனில் யாராவது சிரித்துக்கொண்டே 'நல்லா இருக்கேன்' என்றால், நான் உடனே வைத்துவிடுவதில்லை.