இரண்டாவது பெட்டி காலியாக இருக்கக் கூடாது

பெயரைக் கேட்டால் விலாசத்தைச் சொல்ல வேண்டிய ஓர் இயந்திரம் வாயைத் திறக்காவிட்டால், அதற்காகத் திட்டு வாங்குவதுதான் எங்கள் தொழில். ஒரு நிறுவனத்தின் கணினிகளை ஒரே சேர்வரின் கீழ், டொமைன் என்ற கூட்டுக்குள் சேர்க்கப் போய்த் தலைமுடியைப் பிய்த்துக்கொண்ட சக பாவிகளே, 'டொமைன் கண்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற அந்த வசனத்தை நீங்களும் வேண்டிய மட்டும் பார்த்திருப்பீர்கள். நான் அதோடு அதிகம் மல்லுக்கட்டியது யுத்தம் மறுபடி மூண்ட காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில்.

இலக்கம் தெரியும், பெயர் தெரியாது

அந்த அலுவலகத்தின் தலைமையகம் கொழும்பில். கிளைகளில் இருக்கும் கணினிகள் எல்லாம் கொழும்புச் சேர்வரின் கீழ் ஒரே டொமைனில் பதியப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாத முடிவில் ஒரு சோதனை வைப்பார்களாம். அதில் தவறும் கிளையின் வேலை முழுவதும் கொழும்புக்குப் போய்விடும். வேலை வேண்டுமென்றால் ஆட்களும் கூடவே போக வேண்டும். ஊரில் கணினி திருத்துகிறவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

கணினிக்கு முன்னால் இருந்தவர் யோகேஸ்வரி அக்கா. குச்சவெளியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து ரவுணில், நகரத்துக்குள், வாடகைக்கு இருந்தவர். அவருடைய ஒரே மகன் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு இங்கே சிறையில் இருந்தான். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. புதன்கிழமைகளில் சோற்றுப் பார்சலோடு போய் அவனைப் பார்த்துவிட்டு வருவார். வேலை கொழும்புக்குப் போனால் அக்காவுக்குச் சம்பளம் அல்லது புதன்கிழமை, இரண்டில் ஒன்றுதான். இதை அவர் என்னிடம் அழுது சொல்லவில்லை. கீபோர்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

வேலையைத் தொடங்கினேன். கொழும்புச் சேர்வரை அதன் இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூச்சுப் பேச்சில்லை. பெயரை இலக்கமாக மாற்றிச் சொல்வதற்கென்று டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது. இந்தக் கணினி அதை விசாரித்தது இன்டர்நெட் கொம்பனியின் சேர்வரிடம். வெளியாளுக்கு எங்கள் கொழும்பு வீட்டுப் பெயர் எப்படித் தெரியும்? கொழும்புச் சேர்வரிடமே விசாரிக்கும்படி மாற்றிவிட்டு, அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் இராணுவச் சோதனைச் சாவடிகளில் காட்டும் தன் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது, இலக்கத்தைக் காட்டினாத்தான் விடும். சென்றியில எனக்கும் உதே கதைதான் தம்பி."

அரை மணித்தியாலம்

பெயர் பிடிபட்டதும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். சேர்வர் இந்த முறை பதில் சொன்னது: உனக்கும் எனக்கும் நேரம் ஒத்துவரவில்லை, உன்னைச் சேர்க்க ஏலாது. கொழும்புக்கு அழைத்து நேரம் கேட்டேன். அவர்கள் சொன்ன நேரமும் இந்தக் கணினி காட்டிய நேரமும் அச்சொட்டாக ஒன்று. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

பிறகுதான் மண்டையில் உறைத்தது. அந்த வருஷம் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தது. அக்கா சுவர் மணிக்கூட்டின் முள்ளைத் திருப்புவதுபோலக் கணினியின் நேரத்தையும் கையால் திருப்பிவிட்டார். நேர வலயத்தை மாற்ற வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? முகத்தில் சரியான நேரம், உள்ளுக்குள் அரை மணித்தியாலம் பிழை. சேர்வர் பார்ப்பது உள்ளே ஓடும் உலக நேரத்தை. இந்த நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், புலிகள் இயக்கத்தின் கையில் இருந்த இடங்களிலோ, பத்து வருஷத்துக்கு முன் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியதையே ஒருவரும் ஏற்கவில்லை. கிட்டடிவரை ஒரே குடாவின் இரண்டு கரையில் இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கணினியின் வலயப் பட்டியலில் இலங்கை என்று இருந்த வரி இன்னும் பழைய நேரத்திலேயே நின்றது. சரியான நேரத்துக்கு இந்தியாவின் வரியைத்தான் தெரிவு செய்ய வேண்டும். அதில் சென்னை என்று எழுதியிருந்தது. அதைச் சொடுக்கினேன். அந்த மாதங்களில் சனம் இரவோடு இரவாகப் படகேறி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் தங்கை குடும்பமும் அப்படிப் போனதுதான்.

"படகில ஏறாமலே என்னை இந்தியாவுக்கு அனுப்பிப்போட்டியள், என்ன?"

பழைய விலாசம்

கணினியைப் பதியக் கொழும்பின் அனுமதி வருவதற்குள், அடுத்த கிழமை அங்கே சேர்வரைப் புதிய கட்டிடத்துக்கு மாற்றினார்கள், இலக்கமும் மாறியது. எங்கள் கணினியோ ஒரு தடவை கேட்டு வைத்திருந்த பழைய இலக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. புதிய இலக்கத்தைப் போட்டுக் கொடுத்து, பழைய நினைவை அழிக்க ஒரு கட்டளையும் கொடுத்தேன். ஒரு வரிதான். அக்கா அந்த வரியை என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர பிள்ளையைப் பற்றின காகிதமெல்லாம் இன்னும் குச்சவெளி விலாசத்துக்குத்தான் போகுது. அங்க வாங்கிறதுக்கு ஆர் இருக்கினம்? அதுக்கும் உப்பிடி ஒரு கட்டளை இருக்கோ?"

நஸீர் நானாவின் கைவரிசை

ஒருவழியாகக் கணினி டொமைனில் சேர்ந்தது. தேநீர் குடித்து, வடை சாப்பிட்டு, பெருமையோடு வீடு போனேன். மறுநாள் காலை அழைப்பு: விழுந்துவிட்டது. போய்ப் பார்த்தால், டிஎன்எஸ் விலாசம் எழுதும் இரண்டு பெட்டிகளில் நான் காலியாக விட்ட இரண்டாவதில் இன்டர்நெட் கொம்பனியின் இலக்கம் குந்திக்கொண்டிருந்தது. அழித்தேன். ஓடியது. இரண்டு நாளில் மறுபடி அதே இலக்கம். கணினிக்குப் பேய் பிடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

பேயின் பெயர் நஸீர் நானா. எல்லோருக்கும் அண்ணன் முறை என்பதால் நானா. அலுவலகத்தில் கப்பல் அலுவல்களைப் பார்ப்பவர், குடாவுக்கு அந்தப் பக்கக் கிண்ணியாக்காரர், கணினியும் கொஞ்சம் தெரிந்தவர். நான் அவரிடம் சற்றுக் கடுமையாகவே விளங்கப்படுத்தினேன். கொழும்பு லைன் கொஞ்சம் கண்ணயர்ந்தால் கணினி இரண்டாவது ஆளிடம் போய்க் கேட்கும். அந்த ஆள் 'அப்படி ஒருத்தரும் இல்லை' என்று அடித்துச் சொல்லிவிடுவார். கணினியும் அதை நம்பிவிடும். தெரியாது என்பவனைவிட இல்லை என்பவன் ஆபத்தானவன்.

நானா பொறுமையாகக் கேட்டார். அவர் தினமும் கிண்ணியாத் துறையில் மிதவைப் படகேறி வேலைக்கு வருபவர். கரையில் பிரச்சினை என்று படகை நிறுத்தினால் கந்தளாய் சுற்றி பஸ்ஸில் வருவார். பஸ்ஸும் இல்லையென்றால் ரவுணில் ஒரு கூட்டாளி வீட்டில் தங்குவார். அங்கே அவருக்கென்று உடுக்க ஒரு சாரமும் பற்தூரிகையும் எப்போதும் இருக்கும். அப்படிப்பட்ட மனிதருக்கு முன்னால் நான் ஒரு காலிப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

"ஒத்த வழியை மட்டும் நம்பி இருக்கிறவன் இந்த ஊரில உசிரோட இருப்பானா தம்பி?"

சோதனை நாள்

வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வி விடவில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டாவது வழி வேண்டும் என்பதில் நானாவிடம் பிழையே இல்லை. அந்த வழியில் நிற்கும் ஆள்தான் பிழை. இரண்டாவது ஆளும் எங்களைத் தெரிந்த ஆளாக இருந்தால்? கொழும்பில் கணினிகளுக்குப் பொறுப்பான ரமணனை அழைத்து, உங்களிடம் இன்னொரு சேர்வர் இருக்கிறதா என்று கேட்டேன். பழைய கட்டிடத்தில் ஒன்று சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கும் எல்லாப் பெயரும் கடவுச்சொல்லும் தெரியும், பெரியது படுத்தால் அதன் வேலையையும் செய்யும், ஆனால் அதை ஒருவரும் பாவிப்பதில்லை என்றார். அதன் இலக்கத்தை வாங்கி நஸீர் நானாவிடமே கொடுத்தேன். அவர் கையாலேயே இரண்டாவது பெட்டியில் எழுதினார். பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

சோதனை ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. கிளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் டொமைனுக்குள் நுழைந்து அன்றைய கப்பல் விபரத்தைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அக்கா சோற்றுப் பார்சலை மேசைக்குக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கடவுச்சொல்லை அடித்தார். திரையில் மணற்கடிகாரம் தோன்றியது. அது அப்படியே நின்றது. வெளியே ஒரு ஹெலிகொப்டர் விமானத் தளம் இருக்கும் சீனன்குடாப் பக்கம் போனது. ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை. எத்தனையோ கணினிகளைச் சேர்த்திருக்கிறேன், ஒன்றுக்காகவும் நான் சாமியைக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டேன்.

திறந்தது. விபரம் போய்ச் சேர்ந்தது என்று பதிலும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ரமணன் அழைத்தார். புதிய கட்டிடத்தில் மின்சாரம் போய்ப் பெரிய சேர்வர் படுத்துவிட்டதாம். மற்றக் கிளைகள் ஒன்றுமே உள்ளே வரவில்லை, நீங்கள் மட்டும் எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். இரண்டாவது பெட்டி வழியாக என்று சொல்லிவிட்டு நான் றிசீவரை நானாவிடம் நீட்டினேன். நாங்கள் படகு ஓடாத நாளிலும் வேலைக்கு வாற ஆக்கள் என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். திருகோணமலைக் கிளையின் வேலை திருகோணமலையிலேயே இருக்கட்டும் என்று அன்று பின்னேரம் முடிவு வந்தது.

ஆனால் அக்கா பின்னேரம்வரை காத்திருக்கவில்லை. றிசீவர் கீழே வைக்கப்பட்டதுமே குனிந்து பார்சலை எடுத்தார். கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்த ரெண்டாவது பெட்டியில ஒருதரையும் கை வைக்க விடாதேங்கோ. நான் பிள்ளையைப் பாத்திட்டு ஓடி வாறன்."

ஒரே ஒரு விலாசம் இருந்தாலும் கணினி ஒழுங்காக ஓடும் என்று பாடப் புத்தகம் அடித்துச் சொல்கிறது, ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரு நாளும் கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வந்திருக்க மாட்டார்.